நான் மாற்றிச் சொன்ன ஒரு கேள்வி

1

போன மாதம் வடக்கு ஐரோப்பிய நகரம் ஒன்றிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. கெடா மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் தாய்மார் நலத்துக்கும் பெண்பிள்ளைகளின் படிப்புக்கும் என்று அவர்கள் நடத்திய திட்டம் தொடங்கிப் பத்தாண்டு நிறைவாம். மலர் போடுகிறார்கள். அதில் ‘உள்ளூர்ப் பெண் ஒருத்தியின் குரல்’ வேண்டுமாம். அந்தத் திட்டத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் என்ற முறையில், உதவியால் மாறிப்போன ஒரு வாழ்க்கையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தந்தால் போதும் என்று மிக மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

மலரின் அட்டை மாதிரியையும் கூடவே வைத்திருந்தார்கள். பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி வாய்விட்டு அழுகிறாள். ஒரு வெள்ளைக்காரப் பெண் அவளைக் கட்டி அணைத்துக்கொண்டிருக்கிறாள். கீழே ஆங்கிலத்தில், ‘பள்ளிக்குப் போகும் ஆனந்தக் கண்ணீர்’ என்று இருந்தது.

இதை என்னால் எழுத முடியாது என்று வீட்டில் சொன்னேன்.

“உமக்கென்ன, ஒரு பக்கம்தானே? எழுதிக் குடுத்துப்போட்டுப் பேசாமல் இரும்,” என்றார் என் கணவர். பொதுப்பணி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறார். கேட்ட தாளைக் கேட்ட மாதிரியே நிரப்பிக் கொடுத்தால் வில்லங்கம் வராது என்பது அவர் அனுபவம்.

மகள் ஷீலா படத்தைப் பார்த்தாள். ஐந்தாம் படிவம் படிக்கிறாள். “நல்லாதானே இருக்கு மம்மி. எழுதுங்கலா. எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க. நாங்க ஸ்கூல்ல காராங்ஙான் எழுதுற மாதிரி.” காராங்ஙான் என்றால் மலாய்க் கட்டுரை. எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு இரண்டு தமிழ். அவள் பேசுவது நாங்கள் இருக்கும் இந்தக் கூலிமின் கடைத்தெருத் தமிழ், பாதிக்கு மேல் மலாயும் ஆங்கிலமும். என் யாழ்ப்பாணத் தமிழை ‘ரேடியோத் தமிழ்’ என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். அந்த அட்டைப்படம் அவளை ஒன்றுமே செய்யவில்லை என்பது எனக்கு இன்னும் கசந்தது.

அந்த ஒரு பக்கத்தை நான் எழுதப் போவதில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். நம் ஊர் ஒழுங்கைகளிலும் இப்போது வெளிநாட்டுச் சின்னம் ஒட்டிய வெள்ளை வாகனங்கள் ஓடத் தொடங்கியிருப்பதாகவும், மொழிபெயர்க்க ஆங்கிலம் தெரிந்த பெண்களைத் தேடுவதாகவும் என் தங்கை எழுதியிருந்தாள். அவளையும் கேட்டிருக்கிறார்களாம். போகலாமா என்று என்னிடம் யோசனை கேட்டிருக்கிறாள்.

2

நான் மானிப்பாயில் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். பதினாறு வருடங்களுக்கு முன் கைக்குழந்தையோடு இங்கே கணவரிடம் வந்து சேர்ந்தேன். என் ஆசிரியர் சான்றிதழை இங்கே ஏற்கவில்லை. பள்ளிகளெல்லாம் மலாய் மொழிக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். குடியுரிமையும் இல்லை. என்னிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரமாக இருக்கலாம், ஆனால் இந்த நாட்டு ஆளில்லை என்று அதற்குப் பொருள். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகப் போவேன். ஒவ்வொரு இடத்திலும் இன்னொரு தாள் குறையும். சில வருடம் வீட்டில் சும்மா இருந்த பிறகு, எங்கள் சர்ச்சில் ஒருவர் இந்த வேலையைச் சொன்னார். தோட்டத்துப் பெண்கள் தமிழில் சொல்வதை வெளிநாட்டு அம்மையாருக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மாலையில் பெண்பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்க வேண்டும். மறுபடியும் யாரோ என்னை ‘டீச்சர்’ என்று கூப்பிடப் போகிறார்கள் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

தோட்டம் கூலிமிலிருந்து உள்ளே, செம்மண் சாலையில் போக வேண்டும். பெயரை எழுதவில்லை. முதல் நாள் பெண்களைக் கூட்டத்துக்கு அழைக்க, “எல்லாரும் கெதியா வாங்கோ” என்றேன். நம் ஊரில் அது ‘சீக்கிரம் வாருங்கள்’. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூடை மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்ற ஒருத்தி மட்டும் சிரித்தாள்.

“கெதியாவா? எங்களுக்குத்தான் கெதியே இல்லியே டீச்சர்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள்தான் மாரியாயி. பால்மரம் வெட்டுபவள். அப்போது மூன்றாவது பிள்ளை வயிற்றில். அது தங்கவில்லை. அதற்கு முந்தினதும் தங்கவில்லை. மூத்தவள் சரோஜா ஒருத்திதான் மிச்சம். தோட்டத்துச் சொற்களை எனக்குக் கற்றுத் தந்தது மாரியாயிதான். கூட்டங்களில் நான் தடுமாறினால், “டீச்சரு என்னா சொல்றாங்கன்னா…” என்று எழுந்து என் தமிழைத் தமிழில் சொல்வாள்.

திட்டத்தின் பொறுப்பாளர் தேவராஜ், அலோர் ஸ்டாரில் படித்த தமிழர்தான். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த அம்மையார் இங்கிரிட். நல்லவள். இதை நான் வேண்டுமென்றே எழுதுகிறேன். பிள்ளைகளின் பெயரையெல்லாம் நினைவில் வைத்திருப்பாள். அவர்கள் கொண்டுவந்ததில் ஒன்று நிஜமாகவே உதவியது. ஒரு வெள்ளை வேன். பிரசவ வலி கண்டவளை எந்த நேரமும் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கென்றே வாங்கியது. அது வந்த பிறகு, அதுவரை பிரசவம் பார்த்துவந்த மருத்துவச்சியை இனிமேல் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவளும் பட்டர்வொர்த்தில் மகள் வீட்டோடு போய்விட்டாள்.

மாரியாயி மறுபடி உண்டானாள். நிறைமாதத்தில் ஒருநாள் என்னிடம் கேட்டாள்: “பக்கத்துத் தோட்டத்துல ஒரு மருத்துவச்சி இருக்காங்களாம் டீச்சர். எதுக்கும் சொல்லி வெக்கவா?”

“ஒண்டும் வேண்டாம். வேன் இருக்குத்தானே,” என்றேன்.

நான் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள்.

3

நிதி கொடுக்கும் இடத்திலிருந்து இரண்டு பேர் பார்வையிட வந்தார்கள். அதற்காகத் தோட்டத்து மண்டபத்துக்கு வெள்ளையடித்தார்கள். பெண்களைச் சேலை கட்டி வரச் சொன்னார்கள். விருந்தினர் தங்கியிருந்தது அலோர் ஸ்டாரில். அவர்களை அழைத்துவர வேறு வண்டி கிடைக்கவில்லை என்று தேவராஜ் சொன்னார். விடிந்ததும் வேன் புறப்பட்டது. மொழிபெயர்க்க நானும் போக வேண்டும்.

ஏறும்போது அவரிடம் கேட்டேன்: “மாரியாயிக்கு நாள் நெருங்கிவிட்டது. வேன் இல்லாமல்…”

“ஒரு நாள்தானே டீச்சர்! ஒன்னும் ஆவாதுலா.”

நான் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

விருந்தினர்களுக்கு மீன்பிடிப் படகுகளைப் பார்க்க ஆசை. கோலா கெடாவுக்குப் போனோம். ஆற்று முகத்துவாரத்தில் ஒரு கடையில் மத்தியானச் சாப்பாடு. சுட்ட மீனும் சம்பலும். மீன் மிக நன்றாக இருந்தது. அதை மறைக்கக் கூடாது. நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

தோட்டத்துக்கு வந்து சேரும்போது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. மண்டப வாசலில் சரோஜா பூங்கொத்தோடு நின்றாள். ஆறாம் வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளை. திட்டத்தின் பெருமை என்று அவளைத்தான் நிறுத்தியிருந்தார்கள். நான் இறங்கியதும் என் சேலையைப் பிடித்தாள்.

“டீச்சர், அம்மாவுக்கு வலி வந்துருச்சு. வேன் வரலன்னு லோரியில கொண்டுபோய்ட்டாங்க.”

“ஒண்டும் பயமில்லை பிள்ளை. ஆஸ்பத்திரிக்குத்தானே,” என்று சொல்லி மேடைக்குப் போய்விட்டேன்.

இங்கிரிட் பேசினாள். இனி இந்தத் தோட்டத்தில் எந்தத் தாயும் வழியில் கிடந்து துடிக்க மாட்டாள் என்று சொன்னாள். நான் தமிழில் சொன்னேன். கைதட்டினார்கள். அப்போதுதான் பாக்கியம் உள்ளே வந்தாள். மாரியாயியின் நாத்தனார். லோரியில் கூடப் போனவள். அவள் சாரோங்கின் முன்பக்கம் முழுக்க ஈரமாகவும் கறுப்பாகவும் இருந்தது. நடுவழியாக நடந்து மேடைக்குக் கீழே வந்து நின்றாள். அவள் கத்தவில்லை.

“அண்ணி லோரியிலயே பெத்துருச்சு டீச்சர். பொட்டப்புள்ள. ரத்தம் நிக்கமாட்டேங்குது. ரத்தம் குடுக்க ஆளு கொண்டாங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க. என்ன இங்க எறக்கி விட்டுட்டு லோரி மில்லுக்குப் போயிருச்சு. காலயிலேருந்து வேன் வரும் வேன் வரும்னு ரோட்டையே பாத்துக்கிட்டு கெடந்துச்சு அது. வேன் எங்க போச்சு? இவங்களக் கேளுங்க. இப்பவாச்சும் வேன குடுக்கச் சொல்லுங்க.”

“என்ன சொல்கிறாள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள் இங்கிரிட்.

தேவராஜ் என் காதருகே குனிந்தார். “இப்ப வேணாம் டீச்சர். அஞ்சு நிமிஷம். நான் தோட்டத்து ஆபீஸ் கிராணிகிட்ட சொல்லி வேற லோரி ஏற்பாடு பண்றேன். இவங்க முன்னால இது வெளிய வந்தா திட்டமே போயிடும்லா. உங்க வேலையுந்தான்.”

ஐந்து நிமிடம் என்றுதான் நானும் நினைத்தேன். வேலையையும் நினைத்தேன். கைப்பையிலிருந்த சிவப்பு அட்டையையும் நினைத்தேன். எல்லாம் ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள்.

“வேனுக்காக நன்றி சொல்கிறாள்,” என்றேன் ஆங்கிலத்தில். “அவள் அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது.”

விருந்தினர்கள் கைதட்டினார்கள். இங்கிரிட் மேடையிலிருந்து இறங்கிப் பாக்கியத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் சாரோங்கைப் பார்த்துவிட்டு, “இது என்ன?” என்று என்னைக் கேட்டாள்.

“ரப்பர் பால் கறை,” என்றேன்.

பாக்கியம் என்னையே பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் தான் கேட்டதற்கு வந்த பதில் கைதட்டல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். சரோஜா பூங்கொத்தைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழுதாள். இங்கிரிட் அவளை வாரி அணைத்தாள். விருந்தினர்களில் ஒருவர் படம் எடுத்தார்.

அந்தப் படம்தான் அட்டையில் இருக்கிறது.

வேன் மண்டபத்துக்கு வெளியேதான் நின்றது. கூட்டம் முடிந்ததும் விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்குப் போயிற்று. தேவராஜ் சொன்ன வேறு லோரி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நாலு ஆண்கள் ரத்தம் கொடுக்க ஏறிப் போனார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மாரியாயி உயிரோடு இல்லை. வேன் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டர் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

4

அதற்குப் பிறகு நான் வேலையை விட்டுவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். இரண்டு வருடம் மேலும் இருந்தேன்.

இங்கிரிட்டிடம் தேவராஜ், பிரசவச் சிக்கலில் ஒரு தாய் இறந்துவிட்டாள் என்று மட்டும் சொன்னார். அவள் உண்மையாகவே அழுதாள். அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற என்மேல்தான் எனக்கு அருவருப்பு வந்தது. அவளிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் அவள் முந்திக்கொண்டு, “நீ இல்லாவிட்டால் இந்தப் பெண்களின் குரல் எனக்கு எப்படிக் கேட்கும்?” என்பது மாதிரி ஏதாவது சொல்லிவிடுவாள். நான் சிரித்துவிட்டு வந்துவிடுவேன்.

சரோஜா பள்ளிக்கூடத்தை விட்டாள். கைக்குழந்தையைப் பார்க்க வேறு ஆளில்லை. கொஞ்ச நாள், தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மாலை வகுப்புக்கு வந்தாள். பெண்கள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று எழுதிய அட்டைக்குக் கீழே உட்கார்ந்து, பிள்ளைக்குப் பாட்டில் பால் கொடுப்பாள். பிறகு அதற்கும் வரவில்லை. ஒருநாள் அவர்கள் இருந்த லயத்து வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். பாக்கியம் வாசலில் நின்று, “அது வராது டீச்சர். நீங்க போங்க,” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டில் சரோஜாவின் பெயரை எடுக்க வேண்டாம் என்று தேவராஜ் சொன்னார். நானும் எடுக்கவில்லை. ஐரோப்பாவுக்குப் போன அறிக்கைகளில் அவள் தொடர்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

திட்டம் முடிந்ததும் இங்கிரிட் ஊருக்குப் போனாள். தேவராஜ் கோலாலம்பூரில் பெரிய பதவிக்குப் போனார். அவர்கள் இருவரையும் திட்டி நாலு பக்கம் எழுதலாம். ஆனால் அந்த மேடையில் இரண்டு மொழியும் தெரிந்து, என்ன நடந்தது என்றும் தெரிந்து, வாய் திறக்க வேண்டிய இடத்தில் நின்றவள் நான் ஒருத்திதான்.

5

கடிதம் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து சமையலைத் தொடங்கியிருந்தேன். வாசலில் ஒரு பெண் சின்னப் பிள்ளையோடு நின்றாள். தொழிற்சாலைச் சட்டை, கழுத்தில் அடையாள வில்லை. எனக்கு முதலில் ஆளே தெரியவில்லை.

“நான்தான் டீச்சர், சரோஜா.”

பிராய் நகரத்தில் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறாள். அப்பன் வேறு தோட்டத்தில் வேறு பெண்ணோடு இருக்கிறானாம். கூட வந்தது செல்வி, லோரியில் பிறந்தவள். முன் பல் விழுந்த வாயை மூடிக்கொண்டு என் குசினியை எட்டிப் பார்த்தாள்.

“இவள வர்ற வருஷம் ஒன்னாம் வகுப்புல சேக்கணும். பொறப்புப் பத்திரம் இல்ல டீச்சர். எங்க போனாலும் இல்லங்கறாங்க.”

ஆஸ்பத்திரியில் பிறக்காததால் ஆஸ்பத்திரித் தாள் இல்லை. தோட்டத்தில் பிறக்காததால் தோட்டத்துத் தாளும் இல்லை. தாய் இல்லை. தகப்பன் வந்து கையெழுத்துப் போடவில்லை. ஆறு வயதுப் பிள்ளை நம் முன்னால் நிற்கிறது. எந்தப் புத்தகத்திலும் அது பிறக்கவில்லை.

நான் அடுப்பை அணைத்துவிட்டு அவளை உட்காரச் சொன்னேன். மலரின் அட்டை மேசையில்தான் கிடந்தது. அவள் பார்த்துவிட்டாள். எடுத்தாள், பார்த்தாள், கவிழ்த்து வைத்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“சரோஜா, அண்டைக்கு உன் அத்தை கேட்டதை நான் வெள்ளைக்காரிக்குச் சொல்லவில்லை. வேறு ஏதோ சொன்னேன்.”

“தெரியும் டீச்சர்.”

“எப்படித் தெரியும்?”

“தேங் யூன்னு சொன்னீங்க. எனக்கு அந்த இங்கிலீஷ் தெரியாதா? நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க.”

உட்கார்ந்திருந்த நாற்காலி அப்படியே என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. அறைக்குள்ளிருந்து ஷீலா வந்து கதவருகே நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. எதையும் கேலி செய்கிற பிள்ளையின் முகம் வெளுத்திருந்தது.

“அன்னிக்கு அழுதது அம்மாவுக்காக மட்டும் இல்ல டீச்சர்,” என்றாள் சரோஜா. “நீங்க எங்க ஆளுன்னு நெனச்சிருந்தேன்.”

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வந்தது. அதைச் சொன்னால் அவள் ‘பரவால்ல’ என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவள் தலையில் ஏற்ற வேண்டாம் என்று பேசாமல் இருந்தேன்.

“பதிவு ஆபீசுக்கு வாங்க. எனக்கு மலாய் அவ்வளவா வராது. வந்து நான் சொல்றத மட்டும் சொல்லுங்க. அது போதும்.”

6

புதன்கிழமை போனோம். காலையிலேயே பெஞ்சுகள் நிறைந்துவிட்டன. மத்தியானத்துக்குப் பிறகுதான் எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். முகப்பில் ஒரு மலாய்க்காரப் பெண், ஷீலாவை விட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். தாளைத் தட்டச்சுப் பொறியில் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிள்ளையின் பெயர். தாயின் பெயர். பிறகு, பிறந்த இடம்.

தோட்டத்து வீடு என்று சொல்லிவிட்டால் சுலபமாக முடியும். எனக்குத் தெரியும். அந்தச் சொல் என் நாக்கு நுனிவரை வந்தே விட்டது. சரோஜாவைப் பார்த்தேன்.

“லோரியில,” என்றாள்.

“டாலாம் லோரி,” என்றேன் மலாயில்.

அந்தப் பெண் தட்டச்சிலிருந்து கையை எடுத்தாள். “லோரியிலா? ஏன் லோரியில்?”

சரோஜா சொன்னாள். ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்திச் சொன்னாள். நான் ஒவ்வொரு வாக்கியமாக மலாயில் சொன்னேன். காலையில் வலி வந்ததை, பெண்கள் மாறி மாறிப் போய்ச் சாலையைப் பார்த்ததை, லோரியின் பலகையில் ரப்பர் ஷீட்டுகளுக்கு மேல் அம்மாவைப் படுக்க வைத்ததை. என் மலாய் பல இடங்களில் தட்டியது. தட்டிய இடத்தில் எட்டிக் கடந்துபோகாமல் நின்று, வேறு சொல் தேடிச் சொன்னேன். செல்வி, தன் கதை என்று தெரியாமல், முகப்பு மேசையின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் எழுந்து உள்ளே போய் அதிகாரியிடம் கேட்டுவந்தாள். காலம் கடந்த பதிவு என்பதால் விவரம் தெரிந்த ஒருவர் சத்தியக் கடிதம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். லோரி ஓட்டியவர் இறந்துவிட்டார். பாக்கியத்துக்கு எழுதத் தெரியாது. அவள் சாட்சியாகக் கைரேகை வைக்கலாம். எழுத ஒருவர் வேண்டும். சிவப்பு அட்டை செல்லுமா என்று கேட்டேன். செல்லும் என்றாள். உள்ளபடி எழுதினால் போதும் என்று ஒரு தாளை நீட்டினாள்.

எழுதினேன். தாயின் பெயர் எழுதினேன். லோரியில் பிறந்தது என்று எழுதினேன். பிரசவத்துக்கென்று வாங்கிய வேன் அந்த நேரத்தில் கோலா கெடாவில் நின்றது என்றும், அதில் போனவர்களில் நானும் ஒருத்தி என்றும், மாலையில் அந்த வேனை இவர்கள் கேட்டபோது அதை நான் மாற்றிச் சொன்னேன் என்றும் எழுதத் தொடங்கினேன்.

அந்தப் பெண் எட்டிப் படித்துவிட்டு மெதுவாக, “இது தேவையில்லை அம்மா. பிறந்த விவரம் மட்டும் போதும். வேனைப் பற்றி எழுத வேண்டாமே,” என்றாள். கனிவாகத்தான் சொன்னாள்.

“என்னா சொல்றாங்க டீச்சர்?” என்று கேட்டாள் சரோஜா.

“வேனைப் பற்றி எழுத வேண்டாமாம்.”

சரோஜா என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

“எழுதுங்க,” என்றாள்.

எழுதினேன்.